கார்கிவ் பிள்ளைகள் செய்த கேமரா

இணைய ஏலத் தளங்களில் பழைய லைக்கா கேமராவைத் தேடிப் போனால் சீக்கிரமே ஒரு வினோதமான கூட்டம் கண்ணில் படும். தங்க முலாம் பூசிய உடம்பு, சிவப்பிலோ பச்சையிலோ தோல் உறை, மேல்தகட்டில் இறக்கை விரித்த கழுகு, அதன் காலடியில் ஸ்வஸ்திகா. சிலவற்றில் 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் வளையங்கள். சிலவற்றில் ஜெர்மன் விமானப்படையின் பெயர். விலையைப் பார்த்தால் அசலுக்குக் கொடுப்பதில் சின்னப் பங்குதான். "அட, இவ்வளவு சல்லிசா!" என்று கை பரபரக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு, கேமராவின் வாய்க்குள் மேல்பக்கமாகப் பாருங்கள். அங்கே ஒரு சின்ன உலோகக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் உருளும் வட்டச் சக்கரம் இருந்தால் அது லைக்காவாக இருக்க வாய்ப்புண்டு. சக்கரத்துக்குப் பதில் ஆப்பு மாதிரி ஒரு முனை இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது சோவியத் நாட்டில் பிறந்தது. யாரோ அதன் மேல்தகட்டில் இருந்த பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, தங்கம் பூசி, கழுகைச் செதுக்கி விற்கிறார்கள்.

சுரண்டி எடுக்கப்பட்ட பெயர் எது? பெரும்பாலும் 'ஸோர்க்கி', இல்லையென்றால் 'ஃபெட்'. ரஷ்யத்தில் மூன்றே எழுத்து, ஃபெட். இந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் இருக்கும் கதையோடு ஒப்பிட்டால், எந்தப் போலிக் கழுகும் எனக்குச் சுவாரசியமாகத் தெரியவில்லை.

முதலில் அந்த உலோகக் கை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் இந்தக் கேமராக்கள் மேல் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு கிறுக்கு என்று புரியாது.

ஒரு கண்ணை மூடி விரலைப் பாருங்கள், பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுங்கள். விரல் இடம் மாறும். பக்கத்தில் இருந்தால் அதிகமாக, தள்ளி இருந்தால் குறைவாக. இரண்டு கண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தெரிந்தால், விரல் எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்து அதன் தூரத்தைக் கணக்கிடலாம். முக்கோணக் கணக்கு, அவ்வளவுதான். ரேஞ்ச்ஃபைண்டர் என்பது இந்தக் கணக்கைப் போடும் கருவி. முன்பக்கம் இரண்டு சின்ன ஜன்னல்கள். ஒன்றின் வழியே காட்சி நேராக வரும். இன்னொன்றின் வழியே வரும் காட்சி, ஒரு கண்ணாடியிலோ பட்டகத்திலோ திரும்பி, முதல் காட்சியின் மேல் நிழல்போல விழும். எதிரே நிற்பவருக்கு இரண்டு மூக்கு தெரியும். லென்ஸைத் திருகினால் அதன் பின்பக்கம் முன்னும் பின்னும் நகர்ந்து அந்த உலோகக் கையைத் தள்ளும். கை அந்தக் கண்ணாடியைத் திருப்பும். இரண்டு மூக்கும் ஒன்றாகச் சேரும் கணத்தில் ஃபோகஸ் சரியாக இருக்கும்.

இந்த உத்தியைப் படம் எடுப்பதற்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. பீரங்கிக்காகக் கண்டுபிடித்தார்கள். ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரவுட் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துத் தூரம் அளக்கும் கருவி செய்யக் கிளம்பினார்கள். கடைசியில் வாங்கிக்கொண்டது கடற்படை. இரண்டு ஜன்னலுக்கும் இடைவெளி கூடக்கூடத் துல்லியம் கூடும். அதனால் போர்க்கப்பல்களில் இந்தக் கருவிகள் பல மீட்டர் நீளத்துக்கு வளர்ந்தன. கேமராவில் அவ்வளவு இடம் ஏது? லைக்கா இரண்டில் இடைவெளி நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. எதிரிக் கப்பலை அளந்த அதே முக்கோணம் சுருங்கி, சட்டைப் பைக்குள் வந்து, காதலியின் முகத்தை அளந்தது.

லைக்காவின் கதை பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற சிறிய ஊர். மைக்ரோஸ்கோப் செய்யும் லைட்ஸ் நிறுவனம். அங்கே வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமாக்காரர், கனமான தட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற அவரால் முடியாது. சினிமா ஃபிலிமை எடுத்து, அதன் இரண்டு கட்டங்களை ஒரே படமாகச் சேர்த்து, 24க்கு 36 மில்லிமீட்டர் என்று ஓர் அளவை உண்டாக்கினார். 1925இல் லைப்ஸிக் சந்தையில் லைக்கா வெளிவந்தது. அதில் ரேஞ்ச்ஃபைண்டர் உடம்போடு இணைந்திருக்கவில்லை. தூரத்தைக் குத்துமதிப்பாக ஊகிக்க வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு கருவியைச் செருகி அளந்து லென்ஸில் வைக்க வேண்டும். 1932இல் வந்த லைக்கா இரண்டில்தான் லென்ஸும் ரேஞ்ச்ஃபைண்டரும் கைகோத்தன. அதே ஆண்டு ட்ரெஸ்டனில் ஸைஸ் ஐகான் நிறுவனம் போட்டியாகக் கான்டாக்ஸைக் கொண்டுவந்தது. இந்த இரண்டு ஜெர்மன் கேமராக்களும் ஆளுக்கொரு வழியில் உக்ரைனுக்குப் போய்ச் சேர்ந்தன.

1932. கார்கிவ். அப்போது சோவியத் உக்ரைனின் தலைநகரம் அதுதான், கீவ் இல்லை. ஊர் ஓரத்தில் ஒரு தொழிற்பள்ளி. ரஷ்யர்கள் அதைக் கம்யூன் என்றார்கள். 1927இன் கடைசி நாட்களில் தொடங்கியது. உள்ளே இருந்தவர்கள் தெருப்பிள்ளைகள். முதல் உலகப் போர், புரட்சி, உள்நாட்டுப் போர், 1921-22 பஞ்சம் எல்லாம் அடுத்தடுத்து வந்து போனபின், சோவியத் நாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் தாய் தகப்பன் இல்லாமல் ரயில் நிலையங்களிலும் தெருக்களிலும் கிடந்தார்கள். திருடினார்கள், பிச்சையெடுத்தார்கள், செத்தார்கள். அவர்களில் சிலரைச் சேர்த்து வைத்து நடத்தியவர் அந்தோன் மகரெங்கோ. வீட்டில் பழைய சோவியத் புத்தகங்கள் இருந்தால் இந்தப் பெயர் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். கல்வியியல் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அவரைப் படிக்கிறார்கள். ராணுவ ஒழுங்கு, அணிவகுப்பு, பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் தளபதிகள், பாதி நாள் படிப்பு, நான்கு மணி நேரம் பட்டறை வேலை. இதுதான் அவருடைய முறை.

கம்யூனுக்குப் பணம் கொடுத்தது ரகசியப் போலீஸ். உக்ரைனின் ரகசியப் போலீஸ்காரர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைப் போட்டுக் கட்டியது அது. அவர்களுடைய ஆதி குரு ஃபெலிக்ஸ் எத்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். செக்கா என்ற அமைப்பை உண்டாக்கி ஆயிரக்கணக்கானவர்களை விசாரணையின்றிச் சுட்டுத்தள்ளியவர் அவர். அதே ஆள்தான் 1921இல் அனாதைப் பிள்ளைகளின் நல்வாழ்வுக்கான ஆணையத்துக்கும் தலைவர். இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள். இதில் எது நிஜ முகம், எது முகமூடி என்று கேட்கத் தோன்றும். எனக்கு என்னவோ இரண்டுமே நிஜம் என்றுதான் படுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஃபெலிக்ஸ், எத்முந்தோவிச், ஜெர்ஜின்ஸ்கி. மூன்று பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஃபெட்.

பிள்ளைகள் முதலில் மரவேலை செய்தார்கள். பிறகு வெளிநாட்டு எலெக்ட்ரிக் டிரில்லைப் பார்த்து அதேபோல் செய்யக் கற்றார்கள். அதன்பின் லைக்கா. ஜெர்மனியிலிருந்து வந்த கேமராவைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக அளந்து, வரைந்து, கடைந்து, 1932 அக்டோபரில் மூன்று கேமராக்களைப் பூட்டி முடித்தார்கள். 1934இல் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிவிட்டது. அதில் ரேஞ்ச்ஃபைண்டரும் இருந்தது. லைக்கா இரண்டு வெளிவந்து இரண்டே வருஷம்! வடிவமைத்தவர்களில் பொறியாளர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் கடைசல் இயந்திரத்தில் நின்றவர்களும், திருகு பூட்டியவர்களும், லென்ஸ் தேய்த்தவர்களும் பதின்வயதுப் பிள்ளைகள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் படம் மங்கிவிடும் என்கிற வேலை அது. சில வருஷம் முன்பு ரயில் பெட்டிக்கு அடியில் படுத்துப் பயணம் செய்த கைகள் அந்தத் துல்லியத்தைப் பிடித்தன. போருக்கு முன்பே ஒரு லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் அழகான கதைதான். சோவியத் பிரசுரங்கள் இதோடுதான் நிறுத்தின. ஆனால் அந்தத் தேதியை இன்னொரு தரம் பாருங்கள். 1932 அக்டோபர். உக்ரைன் கிராமங்களிலிருந்து தானியத்தை அரசு வண்டி வண்டியாகப் பிடுங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அடுத்த வசந்தத்துக்குள் லட்சக்கணக்கில் செத்தார்கள். கிராமத்து ஜனங்கள் ரொட்டி கிடைக்குமென்று கார்கிவுக்கு நடந்தே வந்து, நடைபாதையில் விழுந்தார்கள். உக்ரைனியர்கள் இதை ஹொலொதொமோர் என்கிறார்கள், பட்டினி போட்டுக் கொல்வது என்று பொருள். சோவியத் அரசு பஞ்சமே இல்லை என்றது.

அந்த நடைபாதைகளை ஒருவர் படமெடுத்தார். அலெக்ஸாண்டர் வைனர்பெர்கர், ஆஸ்திரியப் பொறியாளர். முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்டு, அங்கேயே தங்கிப் பல தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர். 1933இல் அவருக்குக் கார்கிவில் வேலை. கோட்டுக்குள் கேமராவை மறைத்துவைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். ரொட்டிக்கடை வரிசை, நடைபாதையில் கிடக்கும் உடல், அதைத் தாண்டிப் பார்க்காத மாதிரி நடக்கும் நகரவாசிகள், நகருக்கு வெளியே பெரும் புதைகுழிகள். மாட்டியிருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். படங்கள் ஆஸ்திரியத் தூதரகத் தபாலில் வெளியே போயின. அந்தப் பஞ்சம் என்ற பெயரில் இன்று சுற்றும் படங்களில் நிறையப் போலி. 1921 பஞ்சத்துப் படங்களை எடுத்து 1933 என்று போட்டுவிடுகிறார்கள். நிஜமாகவே அந்த ஊரில் அந்த வருஷத்தில் எடுத்தவை என்று ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளும் வெகு சிலவற்றில் வைனர்பெர்கரின் படங்கள் முக்கியமானவை.

அவர் கையில் இருந்தது லைக்கா.

ஒரே நகரம், ஒரே காலம். ஒரு லைக்கா நடைபாதையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு லைக்கா பட்டறை மேசையில் பிரித்துப் போடப்பட்டிருந்தது, சுற்றி முந்தைய பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த பிள்ளைகள். கம்யூனுக்குள் சாப்பாடு இருந்தது. வெளியே இருந்ததை அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நம்புவது கஷ்டம். பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்பது மகரெங்கோவின் புத்தகங்களில் கிடைக்காது.

1930களின் ஃபெட் ஒன்றைக் கையில் வாங்கினால் மேல்தகட்டைக் கொஞ்ச நேரம் படியுங்கள். மிகப் பழையவற்றில் பெயருக்குக் கீழே 'ஜெர்ஜின்ஸ்கி தொழிற்கம்யூன், கார்கிவ்' என்ற பொருளில் செதுக்கியிருக்கும். சில வருஷம் கழிந்தவற்றில் அந்த வாசகம் மாறி, என்கேவிடி என்ற நான்கு எழுத்து வந்து உட்கார்ந்திருக்கும். ரகசியப் போலீஸின் புதுப்பெயர். 1937-38இல் நள்ளிரவில் கதவைத் தட்டியவர்கள் அவர்கள். குடும்பப் படம் எடுக்க வாங்கிய கேமராவின் நெற்றியில் அந்தப் பெயர். பிறந்தநாள், கல்யாணம், கடற்கரை எல்லாவற்றையும் அது பார்த்தது. மகரெங்கோ 1935இலேயே கார்கிவை விட்டுப் போய்விட்டார். 1939இல் ரயிலில் மாரடைப்பு வந்து இறந்தபோது அவருக்கு 51 வயது. 1930களின் முடிவுக்குள் கம்யூன் கம்யூனாக இல்லை, பெரியவர்கள் வேலை பார்க்கும் சாதாரணத் தொழிற்சாலையாகிவிட்டது.

1941 அக்டோபரில் ஜெர்மன் ராணுவம் கார்கிவைப் பிடித்தது. அதற்குள் தொழிற்சாலையைக் கழற்றி ரயிலேற்றி சைபீரியாவில் பெர்ட்ஸ்க் என்ற ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மனிதர்களையும் ஜெர்மானியர்கள் ரயிலேற்றினார்கள், எதிர்த்திசையில். உக்ரைன் பெண்கள் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்குப் போனார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம் வெட்ஸ்லர், லைட்ஸ் தொழிற்சாலை. அதாவது லைக்கா பிறந்த வீடு. முதலாளியின் மகள் எல்ஸி கூன்-லைட்ஸ் அந்தப் பெண்களின் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் கொஞ்சம் மனிதத்தன்மையோடு வைத்திருக்கப் பார்த்தார். ஒரு யூதப் பெண் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பிக்கவும் உதவப்போய், 1943இல் கெஸ்டபோவிடம் மாட்டிச் சிறைக்குப் போனார். அவருடைய அப்பா இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் யூத ஊழியர்களை வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றல் என்ற பெயரில் ஜெர்மனியை விட்டு அனுப்பிவைத்தவர். அதே நிறுவனம்தான் ஜெர்மன் ராணுவத்துக்கும் கருவி செய்து கொடுத்தது. ஜெர்ஜின்ஸ்கியின் இரண்டு நாற்காலி மாதிரி இல்லை இது, ஒப்பிடவும் கூடாது. ஆனால் லைக்கா புகழ் பாடும் கட்டுரைகளில் யூதர்களைக் காப்பாற்றிய கதை வரும், உக்ரைன் பெண்கள் வரவே மாட்டார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

1945 மே 2ஆம் தேதி பெர்லினில் ரைக்ஸ்டாக் கட்டடத்தின் உச்சியில் செங்கொடி பறக்கும் அந்தப் பிரபலமான படத்தை எடுத்தவர் யெவ்கேனி கால்தேய். உக்ரைனின் தோன்பாஸில் பிறந்த யூதர். கொடி, மாஸ்கோவில் மேசைவிரிப்புத் துணியில் தைத்தது. கேமரா, லைக்கா. சோவியத்தின் மிகப் பெரிய வெற்றிப் படத்தை எடுத்தது ஃபெட் இல்லை என்பது வேடிக்கைதான்.

போர் முடிந்ததும் ஜெர்மன் காப்புரிமைகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலை ஃபெட்டின் வரைபடங்களை வாங்கி 1948இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆரம்பத்தில் மேல்தகட்டில் ஃபெட், ஸோர்க்கி என்று இரண்டு பெயரும் இருந்தன. பிறகு ஸோர்க்கி மட்டும். கூர்மையான பார்வை கொண்டது என்று பொருள். 1956இல் வந்த ஸோர்க்கி நான்கு மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. கான்டாக்ஸோ பிரித்து நகல் எடுக்கப்படவில்லை, இயந்திரங்களோடு நாடு கடந்தது. ட்ரெஸ்டன் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தபின், யேனா நகரில் அந்த வரிசையை மறுபடி உண்டாக்கவைத்து, அதைக் கீவ் நகரின் அர்செனால் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். 1947இல் கான்டாக்ஸ் 'கீவ்' ஆனது. பழைய கீவ் கேமராக்களைத் திறந்தால் உள்ளே ஜெர்மன் பாகங்களே இருப்பதுண்டு. 1936இல் வடிவமைத்ததைச் சின்னச்சின்ன மாற்றங்களோடு 1980கள் வரை செய்துகொண்டே இருந்தார்கள். ஜப்பானில் கேனனும் நிக்கானும் இதே வழியில் தொடங்கி வேறெங்கோ போய்விட்டன. 1954இல் லைக்கா எம்3 வந்து ரேஞ்ச்ஃபைண்டர் கலையை உச்சத்தில் வைத்தது, 1959இல் நிக்கான் எஃப் வந்து லென்ஸ் வழியாகவே பார்க்கலாம் என்று காட்டியது. அதோடு இந்த வகையின் காலம் முடியத் தொடங்கிற்று.

இனி சேகரிப்பவர்கள் பக்கம் வருவோம். 2022இல் வெட்ஸ்லரில் நடந்த ஏலத்தில் பார்னாக் தானே வைத்திருந்த சோதனை லைக்கா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. தங்க முலாம் பூசி, பல்லித் தோல் போர்த்திய லைக்கா லக்ஸஸ் 1929 தொடங்கிச் சுமார் 95தான் செய்யப்பட்டது. ஜெர்மன் விமானப்படையும் நிஜமாகவே லைக்கா வாங்கியது. இப்படி அபூர்வ அசல்கள் இருப்பதால்தான் போலிகளுக்குச் சந்தை. சோவியத் நாடு உடைந்தபின் ஃபெட்டும் ஸோர்க்கியும் கொட்டிக் கிடந்தன. பட்டறைக்காரர்கள் அவற்றுக்குக் கழுகு வைத்து மேற்கே அனுப்பினார்கள். வாங்குகிறவர்களில் பலருக்குப் போலி என்று தெரிந்தேதான் இருக்கிறது. அலமாரியில் பளபளவென்று இருந்தால் போதுமாம்.

எனக்கு இதில் கோபம் வருவது ஏமாற்றுக்காக இல்லை. கார்கிவ் என்ற ஊர்ப்பெயரைச் சுரண்டினால்தான் விலை ஏறுகிறது, ஸ்வஸ்திகாவைச் செதுக்கினால் இன்னும் ஏறுகிறது. அதுவும் ஜெர்மானியர்கள் சூறையாடிய ஊரில் செய்த கேமராவின் மேல். சுரண்டாத ஃபெட் ஒன்று அந்தத் தங்க லைக்காவில் பாதி விலைக்குக் கிடைத்தாலும் அதுதான் வைத்திருக்கத் தகுந்தது என்பேன்.

வாங்குவதானால் சில விஷயம். லென்ஸைக் கழற்றி, ஷட்டர் திரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் ஒளியை மறிக்க நடுவே கண்ணாடி கிடையாது, திரை வெறும் துணி. லென்ஸ் மூடியில்லாமல் வெயிலைப் பார்க்க வைத்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவதுபோல ஓட்டை விழும். ஊசித்துளி நட்சத்திரங்கள் தெரிந்தால் படமெல்லாம் புள்ளிதான். மெதுவான வேகங்கள் கொண்ட ஸோர்க்கிகளில் ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் திருகினால் உள்ளே பல்சக்கரம் கெட்டுவிடும். பழைய ஃபெட்டில் ஃபிலிமைக் கீழ்ப்பக்கமாக நுழைக்க வேண்டும், அதற்கு ஃபிலிமின் நாக்கைக் கத்தரியால் நீளமாக வெட்டிக்கொள்ளணும். முதல் தரம் எரிச்சலாகத்தான் இருக்கும். எடுத்துப் பார்க்க ஒரு கண்துளை, ஃபோகஸ் செய்ய இன்னொரு கண்துளை, இரண்டுக்கும் நடுவே கண் தாவ வேண்டும். அந்தத் தாவலுக்குள் எதிரே இருந்த சிரிப்பு போய்விடும். வேகமாகப் படமெடுக்க ஆசைப்படுபவர்கள் 1955இல் வந்த ஃபெட் இரண்டைப் பாருங்கள். அதில் இரண்டும் ஒரே துளை, ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னல்களுக்கு இடைவெளியும் அதிகம், விலையும் மலிவு.

போருக்கு முந்தைய ஃபெட் என்றால் மட்டும் இன்னொன்று. அன்றைக்கு லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் எல்லாக் கேமராவிலும் ஒன்றாக வரவில்லை. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு லென்ஸையும் அது போகவேண்டிய உடம்போடு வைத்துச் சரிபார்த்துப் பொருத்தினார்கள். ஒன்றின் லென்ஸை எடுத்து மற்றதில் மாட்டினால் ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு மூக்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், படத்தில் மங்கலாக வரும். ஆகவே விற்பவரிடம் கேளுங்கள், லென்ஸும் உடம்பும் ஒன்றாகவே வந்தவையா, இல்லை வேறெங்கோ பிடித்துச் சேர்த்ததா என்று.